எதிரியின் சரக்கு

பிளேன்டீக்கு நன்றி இன்ஸ்பெக்டர் சேர். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறீர்கள், பண்டாரவளைக் குளிருக்கு இதுதான் சரி. நான் அவசரமில்லாமல் சொல்கிறேன், நீங்களும் என் வாக்குமூலத்தை அவசரமில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

வளைகுடாவில் ஒரு துறைமுகத்தின் சுங்கக் களஞ்சியத்தில் நான் வேலை செய்தேன். பக்கத்து நாட்டோடு சண்டை மூண்ட காலத்தில் பிடிபட்ட கப்பல்களை அங்கேதான் இழுத்து வருவார்கள். எங்கள் மேலதிகாரி ஒரு சூடான்காரர், தங்கமான மனிதர். எதிரியின் சரக்கை எப்படி வைக்க வேண்டும் என்று அவர்தான் சொல்லித் தந்தார். திருடக் கூடாது, உடைக்கக் கூடாது, நனைய விடக் கூடாது. ஆனால் கொடுக்கவும் கூடாது. எதிரி யார் என்பதற்கு ஆளின் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை, அவன் எங்கே குடியிருக்கிறான் என்றுதான் பார்ப்பார்கள். எதிரியின் மண்ணில் குடியிருந்தால் அவனும் எதிரிதான். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. வீண்பேச்சு இல்லாத சட்டம்.

அப்போது என் மனைவி ஷாகிராவும் மகள் முஷ்ரிபாவும் ஹுமைத் ஹாஜியாரின் வாடகை வீட்டில் இருந்தார்கள். ஹுமைத்தை உங்களுக்குத் தெரியும், சீமெந்துக் கடை. சாமான் அடுக்க இடம் போதாதென்று அந்த வீட்டுக்குப் பின்னால் மலையை வெட்டினார். சுவரில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று ஷாகிரா அவரிடம் போய்ச் சொன்னாள். "மழை விடட்டும் மகள், தடுப்புச்சுவர் கட்டித் தாறன்" என்றாராம். மழை விடவில்லை. மலை சரிந்து வீட்டின் மேல் இறங்கியது. நான் விமானம் ஏறி வரும்போது இரண்டு பேரையும் அடக்கியாகிவிட்டது. விசாரணையில் இயற்கை அனர்த்தம் என்று எழுதினார்கள். ஹுமைத் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ்ட நாட்டம் மகன்" என்றார். மலையை வெட்டிய மண்வெட்டி யாருடைய நாட்டம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் போதாது சேர். ஐந்து வேளையும் அவருக்காக துஆக் கேட்டேன். அவர் சாகக் கூடாது, நீண்ட ஆயுளோடு இருந்து என் வீட்டில் நடந்ததைத் தன் வீட்டில் பார்க்க வேண்டும் என்று.

பிறகு வெளிநாடு போக மனம் வரவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் பெட்டிகளை வாங்கி வீடுவீடாகக் கொடுக்கும் வேலையை இங்கே தொடங்கினேன். பால்மா, சவர்க்காரம், போர்வை, இப்படித்தான் வரும். மடுல்சீமையிலிருந்து வீரய்யா என்ற தோட்டத்துப் பையன் உதவிக்கு வந்தான். ஹுமைத்தின் மகன் ஷாமில் கட்டாரிலிருந்து அனுப்பும் பெட்டிகளும் என்னிடம்தான் வந்தன. எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுத்தேன். நான் அவசரக்காரன் இல்லை.

டீசலும் மருந்தும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. ஷாமிலின் பெட்டியொன்று வந்து என் களஞ்சியத்தில் இருந்தது. அவன் மனைவி றம்ஸியா நேரில் வந்தாள். அண்ணன் முறையில் என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, எங்கட பெட்டி வந்திரிச்சா? மிப்ரான்ட வலிப்பு மருந்து அதுலதான் ஈக்கி. ஆஸ்பத்திரியிலயும் இல்ல, பார்மஸியிலயும் இல்ல."

மிப்ரான் ஹுமைத்தின் ஒரே பேரன். முச்சக்கர வண்டியில் தாத்தாவின் மடியில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போவான், வழியில் நிற்பவர்களுக்கெல்லாம் கை காட்டுவான். எனக்கும் காட்டுவான்.

"கொழும்பிலயிருந்து லொறி வரல்ல தங்கச்சி. டீசல் இல்லயே" என்றேன். பெட்டி என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தேன்.

அவள் மறுபடி வந்தாள். மருந்து முடிந்துவிட்டது, பிள்ளைக்கு இழுப்பு வரத் தொடங்கிவிட்டது என்றாள். அதே பதிலைச் சொன்னேன். அவள் போன பிறகு வீரய்யா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"மொதலாளி, அந்தப் பெட்டி நம்மகிட்டதானுங்க இருக்கு. டீசல் எதுக்குங்க, நா தலையில வச்சி நடந்தே குடுத்துட்டு வந்துர்றேங்க."

"வேற பெட்டியப் பாரு" என்றேன். அவனைப் பதுளைக்கு வேறு வேலையாக அனுப்பினேன். உங்களிடம் வந்து சொன்னவன் அவன்தான் என்று தெரியும். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல பையன்.

றம்ஸியா எனக்கு எந்தத் தீங்கும் செய்ததில்லை. சொல்லப்போனால், என் மகளின் உடலைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியவளே அவள்தான். சேற்றை முடியிலிருந்து எடுக்க வெகுநேரம் ஆனதாம், பிறகு யாரோ சொன்னார்கள். அதற்காக அவளுக்கு துஆக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவள் குடியிருப்பது ஹுமைத்தின் வீட்டில்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். மருந்தைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையா என்று. இருக்கிறது சேர். எதிரியின் கப்பலில் வந்தாலும் நோயாளியின் மருந்தைத் தடுக்கக் கூடாது, அன்றே விட்டுவிட வேண்டும். சூடான்காரர் எங்களைக் கொண்டு அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறார். நான் மறக்கவில்லை. றம்ஸியா படியில் இறங்கிப் போனபோது அந்த வரி அட்சரம் பிசகாமல் என் நினைவில் இருந்தது. இருந்தும் சாக்கை எடுக்கவில்லை. பிள்ளை செத்துவிடும் என்று தெரிந்துதான் எடுக்கவில்லை. இதை அப்படியே எழுதுங்கள்.

மிப்ரானின் ஜனாஸாவை எடுத்து அடக்கிய பிறகு பெட்டியை நானே தலையில் சுமந்துகொண்டு போனேன். ஹுமைத் முற்றத்துக் கதிரையில் இருந்தார். அவர் முன்னால் வைத்தேன். அவரே ஒட்டுநாடாவைப் பிரித்தார். பால்மாவுக்கு அடியில் மருந்து இருந்தது. அதைக் கையில் எடுத்தார், பெட்டி வந்து சேர்ந்த அன்று நான் அதன் மேல் எழுதிய திகதியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தேன். நினைத்த அளவுக்கு ஒன்றுமில்லை.

றம்ஸியா உள்ளேயிருந்து வந்தாள். அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் நனையவில்லை. அவர்களுடைய சாமான் ஒன்றிலும் நான் கை வைக்கவில்லை சேர், அதை மட்டும் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள். என்னை யாரும் கள்ளன் என்று சொல்லிவிடக் கூடாது.