பிளக்கைப் புடுங்கியும் நிக்காத சத்தம்

மொதல்ல அந்த ஸ்பீக்கரை ஆஃப் பண்ணுங்க. பிளக்கையும் புடுங்கிடுங்க... சிரிக்காதீங்கப்பா, காரணமாத்தான் சொல்றேன். கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க.

ராத்திரி பதினொன்னு இருக்கும். பைபாஸ் ரோடு. லைட்டு கிடையாது, முன்னாடி பின்னாடி ஒரு வண்டி கிடையாது. என் ஃப்ரெண்டோட அத்தை பையன் பைக்ல தனியா போறார். வீடு வீடா போய் ஹோம் தியேட்டர் மாட்டித் தர்றதுதான் அவருக்குத் தொழில். அதனால எங்களுக்கெல்லாம் அவர் 'வயர்'. பேரு மறந்தே போச்சு.

போறது மாமனார் வீட்டுக்கு. மாமனார் செத்து கொஞ்ச நாள்தான் ஆகுது. அப்பா காரியத்துக்குன்னு போன பொண்டாட்டி திரும்பி வரல. காரணம் இருக்கு. பெரியவர் உயிர் போகும்போது இவர் எவன் வீட்டுலயோ ஸ்பீக்கர் மாட்டிக்கிட்டு இருந்தார். ஃபோனை எடுக்கல. இவர் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.

அன்னைக்கி மச்சான்காரன், அதான் பொண்டாட்டியோட அண்ணன், அவனே கூப்பிட்டான்.

"நீ மாட்டுன ஊஃபர் உறுமிக்கிட்டே இருக்கு. யாரும் தூங்கி நாளாச்சு. வந்து நிறுத்து. நின்னுச்சுன்னா உன் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போ. இல்லைன்னா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காத."

அவ்வளவுதான். வச்சுட்டான். ஊஃபர்னா அடிச்சத்தத்தை மட்டும் அதிரவிடற பெட்டி ஸ்பீக்கர்.

வீட்டுக்குள்ள கால் வச்சதுமே வாசனை. பெரியவர் முட்டிக்குத் தேய்ப்பாரே வலி மருந்து, அது. ஆளு போயாச்சு, வாசனை போகல. அப்புறம் சத்தம்... ம்ம்ம்ம்ம்... காதுல கேக்கறதுக்கு முன்னாடி பாதத்துல ஏறுது.

இந்தச் சத்தத்தை வயருக்கு முன்னாடியே தெரியும். மருமகன் வந்தா பெரியவர் வாங்கன்னு சொன்னதே இல்ல. "ம்ம்" அப்படின்னு அடித்தொண்டையில ஒரு உறுமல். இவர் வேலை முடிச்சு வந்து எதைத் தொட்டாலும், பொண்டாட்டி கையையே பிடிச்சாலும், "கையைக் கழுவிட்டுத் தொடு." எல்லார் முன்னாடியும். இவர் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போய்க் கழுவுவார்.

"வேடிக்கை பாக்கவா வந்த?" மச்சான் சோஃபாவுக்குப் பின்னாடியே நிக்கறான். பெரியவர் உக்காந்த சோஃபா. உயிர் போனதும் அதுலதான்.

வயர் வேலையை ஆரம்பிச்சார். டிவியில இருந்து ஊஃபருக்குப் போற கேபிளைக் கழட்டினார். உறுமல் நிக்கல. சரி, கேபிள்ல கோளாறு இல்ல. பிளக்கை வேற பாயின்ட்ல மாத்திச் சொருகினார். நிக்கல. வால்யூமை முழுசா கொறைச்சார். ஊஹூம்.

கடைசியா பிளக்கையே புடுங்கினார். ஊஃபர்ல இருந்த சின்னச் சிவப்பு லைட்டு அணைஞ்சுது...

ம்ம்ம்ம்ம்...

"கரண்டே இல்லாம கத்துது. என்னத்தைய்யா மாட்டி வச்சிருக்க?"

வயர் குனிஞ்சார். ஊஃபர் முன்னாடி இருக்கற அந்தக் கறுப்புக் கூம்பு மேல மெதுவா கையை வச்சுப் பாத்தார். சத்தம் போட்டா அது துடிக்கணும். துடிக்கல. சும்மா கிடக்கு.

அப்ப சத்தம் இதுல இருந்து வரல.

இந்தத் தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. ஊஃபரை எந்த மூலையில வைக்கறதுன்னு தெரியலன்னா, நாம உக்கார்ற சீட்டு மேல அதைத் தூக்கி வச்சுப் பாட்டைப் போட்டுட்டு, தரையில தவழ்ந்துக்கிட்டே போவாங்க. எங்க நல்லா கேக்குதோ அங்கதான் அதோட இடம். இதை மாட்டுன அன்னைக்கும் அப்படித்தான் செஞ்சார். பெரியவரை எழுப்பி விட்டுட்டு அவர் சீட்டுல ஊஃபரை வச்சார். அவர் சுவத்தோரமா நின்னு, மருமகன் நாலு கால்ல போறதைக் கண்ணெடுக்காம பாத்தார். "என் இடத்துல இதை வச்சிட்டல்ல"... அதை மட்டும்தான் சொன்னார்.

இப்பவும் மண்டி போட்டார் வயர்.

"நல்லா தவழு. அப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு," மச்சான்.

ஜன்னல் பக்கம் போனா கம்மி. சோஃபா பக்கம் இன்னும் கம்மி. நடைப் பக்கம் திரும்பினதும்... உள்ளங்கையில ஏறுது. முட்டியில ஏறுது. மருந்து வாசனை மூக்கைத் துளைக்குது. தவழ்ந்து தவழ்ந்து ஒரு கதவுகிட்ட முட்டிக்கிட்டு நின்னார். பல்லெல்லாம் கிடுகிடுங்குது.

அது அவர் பொண்டாட்டி படுக்கற ரூம்.

கதவு திறந்துச்சு. பையோட நிக்கறா. அந்த நிமிஷம் சத்தம் நின்னுச்சு. கத்தியால வெட்டுன மாதிரி.

"வாங்க, போலாம்," அவ்வளவுதான் சொன்னா.

மச்சான் தடுக்கல. தங்கச்சி முகத்தையே பாக்கல. அவ தாண்டிப் போறப்ப சுவத்தோட ஒட்டிக்கிட்டான். இவங்க படி இறங்கினதும் உள்ள தாழ்ப்பாள் விழுற சத்தம். ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு.

வயர் ஒரு தடவை திரும்பிக் கதவைப் பாத்தார். ஆனா மனுஷனுக்குச் சந்தோஷம். பொண்டாட்டி வந்துட்டா. சத்தமும் நின்னுருச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?

அதே பைபாஸ். அதே இருட்டு. அவ அவர் முதுகுல சாஞ்சுக்கிட்டா. ரொம்ப நாளைக்கு அப்புறம். ஒரு கை அவர் இடுப்பைச் சுத்தி இருக்கு.

கொஞ்ச தூரம் போனதும் முதுகுல லேசா ஒரு அதிர்வு. அவ கன்னம் படற இடத்துல. இன்ஜின்தான்னு நினைச்சார். கூடிக்கிட்டே போகுது... நெஞ்சுக்கூடு வரைக்கும் வருது.

தொழில் புத்தி விடுமா. பிளக்கைப் புடுங்கற மாதிரி, வண்டியை ஓரங்கட்டி சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் நின்னுச்சு. ரோடே அமைதி.

ம்ம்ம்ம்ம்...

அந்த மருந்து வாசனை... கழுத்துக்குப் பக்கத்துல.

திரும்பிப் பாக்க தைரியம் இல்ல. இடுப்புல இருக்கற அவ கையை மட்டும் மெதுவா தொட்டார். கை சில்லுன்னு இருக்கு. பொண்டாட்டி குரல்தான், அதுல சந்தேகமே இல்ல. காதுகிட்ட சொல்லுது.

"கையைக் கழுவிட்டுத் தொடு."

...

ரெண்டு பேரும் இப்ப ஒண்ணாத்தான் இருக்காங்க. நான் போய்ப் பாத்தேன். அவ நல்லா பேசினா, தண்ணி கொண்டாந்து குடுத்தா. வயர் மட்டும் குழாயடியை விட்டு வரவே இல்ல. டம்ளரை வாங்கறதுக்கு முன்னாடி கழுவினார். வச்சுட்டுக் கழுவினார்.

உள்ளங்கையில தோலே இல்லங்க அந்த மனுஷனுக்கு.