சிறையிலிருந்து வந்த கடுதாசி

எதிர் இருக்கைக்காரர்கள் இருவரும் அரசாங்கத்தைக் கவிழ்க்கப் போகிறவர்கள் என்றே நான் நம்பினேன். ராணுவ ஆட்சிக் காலம். ரங்கூன் வட்ட ரயில் இன்சீனை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. இன்சீன் என்றால் சிறைதான் நினைவுக்கு வரும்.

கண்ணாடி போட்ட அம்மாள்தான் ஆரம்பித்தார்.

"ஜெயில்ல இருந்து எழுதின கடுதாசி, கோ சாமு! அதைப் பாதியில நிறுத்திட்டியே, வெக்கமா இல்லே?"

பர்மிய மரியாதையில் 'கோ' என்று அழைக்கப்பட்ட, லோஞ்சிக் கைலி கட்டிய ஆள் முனகினார்: "கடைசியில வெறும் ஆளுங்க பேருதானே, மேரியக்கா? ஒண்ணும் வாயில நுழையலே."

"ஊருக்கே எழுதின கடுதாசி! தன் பேரு வருமான்னு கூட்டத்துல அவனவன் காத்துக்கிட்டிருந்திருப்பான். நீ முழுங்கிட்டே! படிச்சதும் பக்கத்து ஊருக்கு அனுப்பணும்னு எழுதியிருந்தாரு, அதையும் விட்டுட்டே. படிக்கிற மூஞ்சியப் பாரு!"

இரண்டு இருக்கை தள்ளி ஒரு சீருடைக்காரர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது என் மூளைக்கு எட்டவில்லை. என்னையும் மூன்றாவது ஆளாகச் சேர்த்துப் பிடிப்பார் என்றே நினைத்தேன். ஏதோ ஒரு ஸ்டேஷன் வந்ததும் எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

"அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை?" என்றார் சாமு.

"கோயில்ல நீ மணி அடிச்சாப் போதும். பைபிள்ல பவுல் ஜெயில்ல இருந்து கொலோசெயருக்கு எழுதினதை என் மருமகன் முதல்லேர்ந்து படிப்பான்."

அதற்குள் என் கால் பிளாட்பாரத்தில் இருந்தது. ரயில் கிளம்பிவிட்டது. அடுத்த வண்டி வரும்வரை மழையில் நின்றேன். இருக்கையிலேயே விட்டுவிட்ட என் சாப்பாட்டுத் தூக்கு மட்டும் இன்சீன் போய்விட்டது.