சனி வளையத்தின் கடைசிப் பன்னிரண்டு நிமிடம்

— பத்தொம்பது தடவ, பிந்து. வாட்ஸப்புல வந்த சிரிப்புப் பொம்மைய எனக்க போன் பத்தொம்பது தடவ வாசிச்சுது. "ஆனந்தக் கண்ணீருடன் சிரிக்கும் முகம், ஆனந்தக் கண்ணீருடன் சிரிக்கும் முகம்"னு. கண்ணுள்ளவிய அதை ஒரு பார்வையில தள்ளிட்டுப் போயிருவாவ. நான் ஒவ்வொண்ணாட்டு கேக்கணும், கேட்டியா.

— பைய பேசு ரெனிஷா. அம்மை அடுக்களையில நிக்கா. மொதல்ல இரி. வடசேரியில இருந்து ஒத்தைக்கா பஸ் ஏறி வந்த?

— ஒத்தைக்குத்தான் வந்தேன். பூதப்பாண்டிக்கு பஸ் ஏற எனக்கு ஆள் வேண்டாம். படம் பாக்கத்தான் ஆள் வேண்டியிருக்கு. அதுக்குன்னு ஒருத்திய நம்பிக் கூட்டிட்டுப் போனேன்.

— எந்தப் படத்தச் சொல்லுக?

— சனி வளையம். மூணு வாரத்துக்கு முன்ன நாகர்கோவில்ல நீயும் நானும் பாத்த படம். நீ காதுல சொல்லச் சொல்ல நான் பாத்த படம்.

— அதுக்கு என்ன மக்கா? யாரு சிரிச்சா?

— சங்கத்துல. நாஞ்சில் கன்சோல் சங்கம். வாட்ஸப்புல நூத்தி நாப்பது பேரு. வீடியோ கேம் விளையாட எந்த கன்சோல் வாங்கலாம், எந்த விண்வெளிப் படம் கொள்ளாம்னு பகல் பூரா சண்டை நடக்கும். அங்க எனக்க பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. கேமுக்க சத்தமா, படத்துக்க சத்தமா, ரெனிஷாகிட்ட கேளுன்னு சொல்லுவாவ. வெள்ளிக்கிழமை ரிஜ்வான் கேட்டான், சனி வளையத்துக்க முடிவ யாராவது விளக்குங்க, கடைசி பன்னெண்டு நிமிஷம் ஒரு பேச்சு கிடையாதே, என்னதான் சொல்ல வாறாவன்னு. நான் ஏழு நிமிஷத்துக்கு ஒரு வாய்ஸ் போட்டேன்.

— ஏழு நிமிஷமா.

— ஏழு. படத்துல வாற நோரா எப்பிடி அந்த விண்கப்பல இறக்கினாள்னு. டங்குன்னு ஒரு சத்தம் வரும், அது கப்பலுக்க கால் நிலத்துல ஊணுக சத்தம். பொறவு காத்து பீச்சுக சத்தம், அது கதவு தொறக்குகது. அவ செவப்பு மண்ணுல கால வைக்கா, நம்ம தக்கலைப் பக்கத்து மண்ணு போல. படம் தொடங்கினதுல இருந்து எல்லாரும் மூலையில ஒதுக்கி வச்ச கண்ணு தெரியாத பொம்பள, காத மட்டும் வச்சு மத்த ஏழு பேரையும் கரை சேத்தா. இப்பிடி ஒரு முடிவு நான் எந்தப் படத்துலயும் கேட்டதில்லன்னு சொன்னேன். அதை நூத்தி நாப்பது பேரும் கேட்டாவ.

— ரெனிஷா, நான் சொல்லுகத...

— இரி. முடிக்கல்ல. மொதல்ல சிரிப்பு முகம். பொறவு ஒருத்தன், இவளுக்கு மட்டும் தனியாட்டு ஒரு படம் ஓட்டினானுவளாங்கான். சனிக்குப் பக்கத்துல செவப்பு மண்ணு எந்த லாரியில வந்துதுன்னு இன்னொருத்தன். அதெல்லாம் போட்டும். ஒருத்தன் பழைய சண்டையத் தோண்டி எடுத்தான். புது கன்சோலப் பத்தி பெரிசாப் பேசினவதானே இவ, பளிச்சுன்னு ஓடுக ஃபோர் கே டிவியும் அணைச்சுப் போட்ட டிவியும் ஒண்ணுபோல இருக்குக ஆளுக்கு எது நல்ல கன்சோல்னு எப்பிடித் தெரியும்னு எழுதினான்.

— யாரு அவன்? பேரச் சொல்லு.

— அவன விடு. அவனாவது மூஞ்சிக்கு நேர சொன்னான். குமாரதாஸ்னு ஒரு சார் உண்டு, பள்ளிக்கூட வாத்தியாரு. அவரு எழுதினாரு, "பாவம், விடுங்க. அவளுக்கு என்ன தெரியும்"னு. ஒடனே எல்லாவனும் அடங்கிட்டான். எனக்குப் பரிஞ்சு பேசுகாராம். அந்தப் பத்தொம்பது சிரிப்ப நான் தாங்கிருவேன் பிந்து. இந்தப் பாவத்த என்னால தாங்க முடியல்ல.

— உனக்க கன்சோலப் பத்தி அவனுவளுக்கு என்ன தெரியும்?

— அதத்தான் நானும் கேக்கேன். படம் பளிச்சுன்னு தெரியும்னா நான் அதை வாங்கினேன்? பேங்குல லீவுச் சம்பளம் வந்த ஒடனே வாங்கினது எதுக்கு? அது பேசும். மெனு முச்சூடும் வாசிச்சுத் தரும். பழைய கன்சோல்ல எத்தனாவது கட்டத்துல என்ன இருக்குன்னு மனப்பாடம் பண்ணி, எண்ணி எண்ணி அமுக்கணும். ஒரு அப்டேட் வந்து கட்டத்த மாத்திட்டா தொடக்கத்துல இருந்து படிக்கணும். புதுசுல எதிரி எந்தப் பக்கம் நிக்கான்னு வலது காதுக்கும் இடது காதுக்கும் பிரிச்சுத் தருது. ஒரு வருசமா இதைச் சொல்லிச் சொல்லி சங்கத்துல அஞ்சாறு பேரு ஹெட்போனே மாத்தினாவ. அந்த அஞ்சாறு பேருல ஒருத்தனும் எனக்காட்டு பேசல்ல.

— அட்மின் ஒருத்தன் உண்டே, ஃபாயிஸ். அவன் என்ன சொன்னான்?

— நேத்து போன் போட்டான். வாற சனிக்கிழமை கோட்டாத்துல ஹால் எடுத்து கூட்டம் வச்சிருக்குல்லா. விண்வெளிப் படங்கள்ல சத்தம்னு நான் அரை மணிக்கூறு பேசணும். நோட்டீஸ்ல எனக்க பேரு போட்டாச்சு. "சிஸ்டர், இந்தத் தடவ நீங்க பேசாண்டாம். வந்து இருந்து கேட்டாப் போதும். பயலுவ கிண்டல் பண்ணுவானுவ. உங்க மேல எனக்கு நல்ல மரியாதை உண்டு"ன்னான். மரியாதை உண்டாம், மைக் கிடையாதாம்.

— நான் அவன்கிட்ட பேசுகேன். நம்பரத் தா.

— நீ எனக்கிட்ட பேசு. அவ கப்பல இறக்கினாளா இல்லியா?

— இல்ல.

— செவப்பு மண்ணு?

— இல்ல மக்கா.

— கதவு?

— கதவு உண்டு.

— கதவாவது உண்டே. கொள்ளாம்.

— சாயா குடி. ஆறிரும்.

— இதுல சீனி உண்டா? நீ சொன்னா நம்பலாமா, இல்ல நான் குடிச்சுப் பாத்துட்டு நம்பணுமா?

— அப்பிடிப் பேசாத ரெனிஷா.

— வேற எப்பிடிப் பேச? பதினோரு வருசம். காலேஜுல நோட்டு வாசிச்சுத் தந்ததுல இருந்து உனக்க வாய வச்சுத்தான் நான் பாதி ஊரப் பாத்திருக்கேன். தியேட்டருல முன் சீட்டுக்காரன் வாய மூடுங்கன்னு சொன்னப்போ, டிக்கெட்டுக்கு அவளும் காசு குடுத்திருக்கான்னு நீ எழும்பி நின்னு சண்டை போட்ட. அப்ப நான் நெனைச்சேன், இவ உண்டும்னா எனக்கு ஒண்ணும் குறையில்லன்னு. ரெண்டு நாளா நான் ஒவ்வொண்ணாட்டு எடுத்துப் பாக்கேன். எது நீ பாத்துச் சொன்னது, எது நீ கட்டிச் சொன்னது. போன வருசம் புதுக்கடையில எனக்க வீட்டுக்கு ஒருத்தன் என்னைப் பெண்ணு பாக்க வந்தானே. அவன் சிரிச்சான்னு எனக்க காதுல சொன்ன. சிரிச்சானா?

— சிரிச்சான்.

— உள்ளதாட்டா?

— அவன் சிரிச்சான். அவனுக்க அம்மை சிரிக்கல்ல. நீ அவனைத்தான் கேட்ட.

— அதையும் சேத்துச் சொன்னா என்ன? அவிய போன் போடுவாவன்னு மூணு மாசம் நான் ஒரு சத்தத்துக்குக் காத்துட்டு இருந்தேன். நீ அதையும் பாத்துட்டு இருந்த.

— பாத்துட்டுத்தான் இருந்தேன். சொல்ல வாய் வரல்ல. அது தப்பு. ஒத்துக்கிடுகேன்.

— சண்டை கேமுல?

— அதுல என்ன?

— ஞாயித்துக்கிழமை எனக்க ஹாஸ்டல் ரூமுல இருந்து விளையாடுகோமே. நீ கண்ண வச்சு, நான் காத வச்சு. எப்பவும் நான்தான் ஜெயிக்கேன். நீ விட்டுக் குடுக்கியா?

— ரெனிஷா, உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்லுகேன். எங்க அண்ணன் அனில்குமார் இருக்கானே, அவனும் அதே கேம் வாங்கி வச்சிருக்கான். ரெண்டு மாசமா சாயங்காலம் மருந்துக்கடையில வேலை முடிஞ்ச ஒடனே நான் அவனுக்க வீட்டுக்குப் போய் இருந்து பழகுகேன். கட்டைவிரல் தொலி உரிஞ்சு போச்சு. அப்பிடியும் நீ என்னைச் சுவரோட சேத்து வச்சு அடிக்க. விட்டுக் குடுக்கணும்னா மொதல்ல கையில என்னமாவது இருக்கணும்லா.

— பழகினியா? எதுக்கு?

— ஒரு தடவையாவது உன்னைத் தோக்கடிக்கத்தான்.

— விரலத் தா. ம். உள்ளதுதான். காய்ச்சுப் போய் கிடக்கு.

— நம்புகியா?

— விரல நம்புகேன். உன்னை இன்னும் இல்ல. இப்ப சொல்லு. அந்தப் பன்னெண்டு நிமிஷம். கூட்டாம குறைக்காம.

— வேண்டாம் மக்கா. சவத்த விடு. ஒரு படம்தானே.

— எனக்கு இருபத்தொம்பது வயசு பிந்து. பேங்குல கையெழுத்துப் போட்டு சம்பளம் வாங்குகேன். நான் எதைத் தாங்குவேன், எதைத் தாங்க மாட்டேன்னு அளந்து தர உன்னை யாரு வச்சா? குமாரதாஸ் சார் "பாவம்"னு எழுதினதுக்கும் நீ செஞ்சதுக்கும் என்ன வித்தியாசம்?

— சரி. சொல்லுகேன். கப்பலுக்குப் பாரம் கூடிப் போச்சு. பின்னால ஒரு சின்ன அறை உண்டு, அதைக் கழட்டி விட்டாத்தான் இஞ்சின் ஏறும். கழட்டுக பிடி அந்த அறைக்கு உள்ள இருக்கு. ஒருத்தர் உள்ள போய் இழுக்கணும். போனா போனதுதான். கேப்டன் ஒவ்வொருத்தராட்டு பாக்கான். அவிய ஒருத்தர ஒருத்தர் பாக்காவ. கடைசியில எல்லாரும் நோராவப் பாக்காவ.

— பாக்குகது அவளுக்கு எப்பிடித் தெரியும்?

— யாரும் ஒரு பேச்சும் மிண்டாம இருக்கவும் அவளுக்கு விளங்கிப் போச்சு. எழும்பி சுவரத் தடவிட்டே போறா. கதவ அவளே மூடுகா. அதுதான் அந்த டங். காத்து பீச்சினது அந்த அறை கழண்டு போன சத்தம். கேப்டன் தடுக்கல்ல. கண்ணாடி வழியா அவளுக்கு சல்யூட் அடிக்கான்.

— சல்யூட்.

— ஆமா.

— கண்ணு தெரியாதவளுக்கு, கண்ணாடி வழியா, சல்யூட்.

— ஆமா மக்கா.

— அது அவளுக்கு இல்ல பிந்து. அது டிக்கெட் எடுத்தவியளுக்கு. அந்தக் கப்பல அதுவரைக்கும் ஓட்டினது யாரு? ராடார் அடிபட்டுப் போன பொறவு வளையத்துக் கல்லு எந்தப் பக்கம் வருதுன்னு காத வச்சுச் சொன்னது யாரு? அவளத் தள்ளி விட்டுட்டுப் போறானுவளே, அடுத்த கல்லு வந்தா யாரு சொல்லுவா? கேப்டனா? படம் பூரா வசனம் பேசினதத் தவிர அவன் ஒரு பொத்தான அமுக்கினதா எனக்குக் கேக்கல்ல. பாரம் குறைக்கணும்னா அவன்லா உள்ள போயிருக்கணும்.

— நானும் அதத்தான் நெனைச்சேன்.

— கதை எழுதினவனுக்கு கணக்கும் தெரியாது, மனுசரையும் தெரியாது. எங்களப் போல ஒருத்திய கதையில வச்சா அவனுக்கு மொதல்ல தோணுகது, இவள எப்பிடி அழகாட்டு சாவடிக்கலாம்னுதான். அவளே எழும்பிப் போனான்னு காட்டிட்டா ஒருத்தனுக்கும் பாவம் ஒட்டாதுல்லா. இத்தனை பேரு படத்தப் பாத்திருக்கானுவ. செவப்பு மண்ணு எந்த லாரியில வந்துதுன்னு கேக்கத் தெரிஞ்சவனுவளுக்கு, அவள ஏன் அனுப்பினாவன்னு கேக்கத் தெரியல்லியே.

— சனிக்கிழமை இதைப் பேசு.

— பேசத்தான் போறேன். ஃபாயிஸ் மைக் தரல்லன்னா மைக் இல்லாம பேசுவேன். கோட்டாத்துச் சந்தை வரைக்கும் கேக்கும்.

— நானும் வாறேன். எல்லாருக்கும் முன்னால எழும்பி நின்னு, தப்பாச் சொன்னது நான், அவ இல்லன்னு சொல்லுகேன்.

— சொல்லணும். ஆனா அதுக்கு முன்ன எனக்கு ஒரு பதில் வேணும். எப்ப யோசிச்ச இதை? எந்த நிமிஷத்துல, இவ தாங்க மாட்டா, மாத்திச் சொல்லுவோம்னு முடிவு பண்ணின?

— நான் யோசிக்கல்ல.

— யோசிக்காமலா? கால், மண்ணு, நெறமெல்லாம் வச்சு ஒரு பொய் தானா வருமா?

— மண்ணும் நெறமும் வாற வழியில பஸ்ஸுல நீ கேக்கக் கேக்க நான் சொன்னது. அது பொய்தான். ஆனா அவ கப்பல இறக்கினாங்கத மொதல்ல சொன்னது நான் இல்ல.

— நீ சொல்லாம வேற யாரு சொன்னா?

— இது உனக்குத் தெரியாண்டாம்னுதான் நீ திட்டினதெல்லாம் கேட்டுட்டு இருந்தேன் மக்கா.

— தெரியணும். சொல்லு.

— அறை கழண்டு போச்சு. கப்பல் தப்பிச்சு ஏறுது. தியேட்டர் முச்சூடும் எழும்பி நின்னு கை தட்டினாவ, விசில் அடிச்சாவ. அந்தப் பன்னெண்டு நிமிஷமும் நான் உனக்க காதுல ஒண்ணும் சொல்லியிருக்கல்ல. உனக்கு என்ன சொல்லன்னு தெரியாம திரும்பிப் பாத்தேன். நீயும் எழும்பி நின்னு, எல்லாரையும்விட சத்தமாட்டு கை தட்டிட்டு இருந்த. தட்டிட்டே குனிஞ்சு எனக்க காதுல, "இறக்கிட்டா, இல்லியா பிந்து?"ன்னு கேட்ட.