படித்துறைக்கு ஒரு ஆள்

அமாவாசையன்று பாபநாசம் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். ஒருவர் மடியில் எள்ளும் தர்ப்பையும் கொண்ட பை. மற்றவர் கறுப்புச் சட்டை போட்டிருந்தார்.

"எம் மகன் பகுத்தறிவாளி இல்ல வே. இப்பத்தான் தெரியுது," என்றார் கறுப்புச் சட்டைக்காரர்.

"அம்மைக்கே சடங்கு வேண்டாம்னவன்லா அவன்?"

"ஆமா. நானும் அன்னைக்கு மெச்சுனேன். நாளைக்கு அவ போயி வருசம் திரும்புதுன்னு கூப்பிட்டேன். 'திதி கிதியெல்லாம் கெடையாதுலே. அம்மை குளிச்ச படித்துறையில ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருப்போம்'னேன்."

"என்ன சொன்னான்?"

"'அதுக்கு எதுக்குப்பா ரெண்டு நாள் லீவு? போன்லயே பேசிக்கிடுவோமே'ங்கான். நான் நம்பாததுனால சடங்க விட்டேன் வே. அவன் நேரம் மிச்சம்னு விட்டிருக்கான்."

கல்லிடைக்குறிச்சி வந்ததும் கறுப்புச் சட்டைக்காரர் எழுந்தார்.

"நாளைக்கு நான் வேணா வரட்டா? சும்மா உக்காந்திருக்கத்தான?" என்றார் பைக்காரர்.

"உமக்கு ஆயிரம் சோலி கெடக்கும். போவும் வே."