உட்கார்ந்திருந்தால் சம்மதம்

தேநீர் ஆறிவிடும், முதலில் குடியுங்கள் சார். எழுதுவதற்கு என்ன அவசரம், நான் எங்கேயும் ஓடிப்போகிற ஆளில்லை. இந்த அறையில் கிடந்த மர நாற்காலி உங்கள் இடுப்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நேற்று யாரிடமோ சொன்னீர்களாம். என் காதில் விழுந்தது. அதனால்தான் எங்கள் பிரிவிலிருந்து இந்த மெத்தை நாற்காலியை அனுப்பிவைத்தேன். எனக்கு முக்காலி போதும். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர்கள் உட்காரத் தைத்துக்கொண்டிருக்கிறவள் நான்.

போர்டு ரூம் நாற்காலிகளின் கால்கள் எப்படிக் குறைந்தன என்பதுதானே உங்கள் கேள்வி. நான்தான் அறுத்தேன். மூன்று நாளாக ஆளாளுக்குக் கூப்பிட்டு விசாரித்ததற்குப் பதில் முதல் நாளே என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் இதை மட்டும் எழுதிக்கொண்டு போனால், ஏதோ கிறுக்குப் பிடித்து மரம் அறுத்தவள் என்று ஆகிவிடும். காரணத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனி செய்வது ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாக, சின்னக் கல் கிடந்தாலும் வயிறு இடிக்கிற கார். அதற்கு இரண்டே இரண்டு சீட். அந்த இரண்டைத்தான் என் பிரிவில் நாற்பது பெண்கள் தைக்கிறோம். முன்பெல்லாம் நாள் முழுக்க ஊசி ஓடும். இப்போது மத்தியானத்துக்கு மேல் நூல்கண்டை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் காரை வாங்குகிற வசதி ஒருவனுக்கு வரும்போது முட்டி போய்விடுகிறது. முட்டி நன்றாக இருக்கும்போது வசதி இருப்பதில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். மற்ற ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் கண்டுபிடித்து, உயரமான எஸ்யூவி வண்டி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் மட்டும் வீறாப்பாக இருந்தோம். வருஷம் முடிவதற்குள் தையல் பிரிவை மூடிவிட்டு சீட்டை வெளியில் வாங்கப்போவதாகப் பேச்சு. எஸ்யூவி என்றால் ஒரு வண்டிக்கு ஏழு சீட், சார். இரண்டெங்கே, ஏழெங்கே.

எங்கள் சேர்மனுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் தரைமட்டம். வாயைத் திறந்தால் 'தரைக்கு நெருக்கம்' என்றுதான் ஆரம்பிப்பார். "நம்ம கார்ல ஏர்றவன் குனிஞ்சுதான் ஏறணும். அதுதான் காருக்கு மரியாதை" என்பார். எஸ்யூவிப் பேச்சை யாராவது எடுத்தால், புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். புலி தின்னாது, சரி. புலிக்கு மெத்தை தைக்கிற நாற்பது பேர் எதைத் தின்பது என்று அவர் சொன்னதில்லை. இத்தனைக்கும் அவர் வேலைக்கு வருவது இன்னொரு கம்பெனியின் எஸ்யூவியில். முட்டிவலியாம்.

என் வீட்டுக்காரரும் அவர் கட்சிதான். எங்கள் ஷோரூமில், வாங்க வருகிறவர்கள் முன்னால் காரில் ஏறி இறங்கிக் காட்டுவது அவர் வேலை. ஐம்பத்தெட்டு வயதிலும் கோட்டில் ஒரு மடிப்பு விழாமல் இறங்குவார். அதைப் பார்த்தே பாதிப்பேர் மயங்கிவிடுவார்கள். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. எனக்கும்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். சாப்பாட்டு மேசையில் நான் எஸ்யூவி என்றால் போதும், தட்டைத் தள்ளிவைப்பார்.

"டப்பா மேல நம்ம முத்திரைய ஒட்டினா அது நம்ம காராயிடுமா? நீ சீட்டு தைக்கிறவ, உனக்கு ஏழுதான் கண்ணுக்குத் தெரியும்" என்பார்.

வாயால் சொல்லி யாரைத் திருத்த முடிந்திருக்கிறது. அதனால் முதலில் அவருடைய சாப்பாட்டு நாற்காலியில் செய்து பார்த்தேன். கால்களை வாரத்துக்கு அரை விரற்கடை குறைத்தேன். அடியில் இழுத்துக் கட்டியிருக்கும் பட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். பின்பக்கத்து ஸ்பாஞ்சை உருவி முன்பக்கம் வைத்தேன். இடுப்பு முட்டிக்குக் கீழே இறங்கிவிட்டால், எழுந்திருப்பதே மனிதனுக்கு ஒரு உத்தியோகம். ஆறாவது வாரம் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எட்டாவது வாரம், "உயரமா ஒரு வண்டி இருந்தாலும் தப்பில்லதான்" என்றார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், மனசு குளிர்ந்துபோயிற்று.

அதன் பிறகுதான் போர்டு ரூம். அங்கே இருக்கும் ஏழு நாற்காலிகளும் நாங்கள் தைத்தவை. தோலுக்கு எண்ணெய் போட ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்களிடம் வரும். என் ரம்பமும் எங்கள் பிரிவில்தான் இருக்கும். நாற்காலி இறங்க இறங்க மேசையையும் இறக்கவேண்டியிருந்தது. இல்லாவிட்டால் டைரக்டர்களின் முகவாய் மேசையில் இடித்துவிடும். மேசையைத் தூக்கமுடியாமல் போர்டு ரூமிலேயே படுத்துக்கொண்டு அறுத்தேன். மூன்று மாதம் கழித்து அளந்து பார்த்தேன்: எங்கள் கார் சீட்டின் உயரம், நூல் பிசகவில்லை. தாங்கள் விற்கிற உயரத்தில் தாங்களே உட்காருவது அநியாயம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது, சொல்லுங்கள்.

மனம் மாறுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். மாறவில்லை. என் வீட்டுக்காரர் அளவுக்கு அவர்களுக்கு அறிவு போதவில்லை. ஏழு பேரில் இரண்டு பேர் எஸ்யூவித் தீர்மானம் கொண்டுவந்தார்கள். சேர்மனோடு சேர்த்து மற்ற ஐந்து பேரும் கூடாது என்பதில் பாறையாக நின்றார்கள். நின்றார்கள் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

இங்கே எங்கள் கம்பெனி வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரியவேண்டும். சேர்மனுடைய அப்பா ஆரம்பித்துவைத்தது. ஒரு தீர்மானத்தை எதிர்ப்பவர் எழுந்து நின்று எதிர்க்கவேண்டும். செக்ரட்டரி பத்து வரை எண்ணுவார். அதற்குள் நிற்காதவர் சம்மதித்தவர். மௌனம் சம்மதம் என்று ஊரில் சொல்வார்கள். எங்களிடம் உட்கார்ந்திருந்தால் சம்மதம். இந்த வழக்கம் எனக்குத் தெரியும். ரம்பத்தை எடுத்த முதல் நாளே தெரியும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாக்கெடுப்பு நாளில் நானும் அந்த அறையில் இருந்தேன். அடுத்ததாகப் பேசவிருந்த விஷயத்துக்காகத் தோல் மாதிரிகளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். "எஸ்யூவி செய்வதென்ற தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்" என்று செக்ரட்டரி படித்துவிட்டு எண்ண ஆரம்பித்தார். ஐந்து பேரும் ஒரே சமயத்தில் முன்னால் சாய்ந்தார்கள். ஐந்து பேரும் ஒரே சமயத்தில் பின்னால் விழுந்தார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவர் தோளைப் பிடித்து எழப்போய் அவரையும் சேர்த்து அமுக்கினார். எண்ணிக்கை ஏழில் சேர்மன் பாதி உயரம் வந்துவிட்டார். எனக்கே மூச்சு நின்றுவிட்டது.

"இருப்பா, எந்திரிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

"எந்திரிச்சாத்தான் சார் கணக்கு" என்றார் செக்ரட்டரி, எட்டு என்பதற்கு முன்னால்.

ஒன்பதில் அவர் முட்டியில் ஒரு சத்தம் கேட்டது. பத்தும் எண்ணியாயிற்று. ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டார்கள். நாற்பது பேருக்கும் இன்றைக்கு வேலை இருக்கிறது.

சேர்மனுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆயிற்று. இனி எப்போதும் தடி வேண்டுமாம். அவருடைய மகள் வந்து நாற்காலிகளை அளந்ததால்தான் நீங்களும் நானும் இப்படி எதிரெதிரே இருக்கிறோம். சேர்மனுக்கு நல்ல உயரமான நாற்காலி ஒன்று என் கையாலேயே தைத்து அனுப்பினேன். வேறு யாருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள்.

என் வீட்டுக்காரர் விஷயம் நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். போன மாதம் ஷோரூமில் ஒரு வாடிக்கையாளர் முன்னால் காரிலிருந்து இறங்கும்போது சற்றுத் தயங்கியிருக்கிறார். அவ்வளவுதான். அன்றைக்கே, வயசாகிவிட்டது, மேசை வேலை கொடுங்கள் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் கோட்டை நான்தான் மடித்து உள்ளே வைத்தேன். நாற்காலியைப் பழையபடி உயர்த்திவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். ஆனால் இப்போது சாப்பிட்டு முடித்ததும் என் கையைப் பிடித்துத்தான் எழுகிறார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் என் கையை இவ்வளவு பிடித்ததில்லை. முட்டிக்குத் தைலமும் நான்தான் தேய்த்துவிடுகிறேன். என்னைவிட அவரை யார் நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியும்.

இவ்வளவுதான் சார். யாரையும் நான் கையைப் பிடித்துக் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் என்மேல் குற்றம் இருப்பதாக நினைப்பதுபோல் தெரிகிறது. பரவாயில்லை, எங்கள் கம்பெனி வழக்கப்படியே முடித்துக்கொள்வோம். குற்றம்தான் என்றால் எழுந்து நின்று சொல்லுங்கள். கைப்பிடியை மட்டும் நம்பாதீர்கள், அதன் திருகாணியை நான் இன்னும் முடுக்கவில்லை. நிதானமாக எழுந்திருங்கள், பத்து வரை எண்ணுகிறேன்.