கிருஷ்ணப்பிரியாவின் பேனா

“பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும். பொய் எழுதினா எதைக் குத்தும் சிஸ்டர்?”

ஆம்புலன்ஸில் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்து கிருஷ்ணப்பிரியா கேட்டாள். ஏழு வயது. நல்ல கேள்விதான் என்று அவள் கன்னத்தைத் தட்டினேன்.

நான் அகல்யா. ஆரணியிலிருந்து வந்து இந்த வேலையில் சேர்ந்து அப்போது மூன்றாவது மாதம்; இன்னும் நிரந்தரமாகவில்லை. தினமும் வண்டியிலிருக்கும் பிள்ளையாருக்கு ஒரு பூ வைத்துவிட்டுத்தான் ஏறுவேன். வலியில் துடிப்பவருக்கு மருந்துக்கு முன்னால் ஒரு அன்பான சொல் போய்ச் சேர வேண்டும் என்று நம்புகிறவள். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம் ஐயா. தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன்.

அன்று காலை முகப்பேரில் ஒரு அடுக்குமாடி வீட்டிலிருந்து அழைப்பு. குழந்தையின் அம்மா கனிமொழிக்கு இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. இரண்டு முன்கைகளும் வெளிப்பக்கம் கன்றிப்போயிருந்தன. முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினால்தான் அங்கே அடி விழும். கழுத்தில் நான்கு விரல்கள் பதிந்திருந்தன. கணவர் ஜெகதீஷ் ஐ.டி. வேலை, மரியாதையான மனிதர். மனைவியின் செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். பிறகு பைக்கில் எங்களைத் தொடர்ந்தார்.

காயம் எப்படி ஏற்பட்டது என்று எங்கள் படிவத்தில் ஒரு வரி உண்டு.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு எழுதுங்க சிஸ்டர்,” என்றார் கனிமொழி. “வேற எழுதினா சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் எனக்குத்தான் விழும். ரெண்டு நாள்ல குமணன்சாவடிக்கு, எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்.”

முன்னாலிருந்து ஓட்டுநர் மணவாளன் அண்ணன் குரல் கொடுத்தார். “நாம இன்னா போலீஸா சிஸ்டரு? பேஷண்டு இன்னா சொல்லுதோ அத்த எழுதிக்கினு போய்க்கினே இரு. பாத்தத எழுதினவனெல்லாம் இன்னும் கோர்ட்டு வாசல்ல டீ குடிச்சிக்கினு கீறான்.”

என் பேனா எழுதவில்லை. கிருஷ்ணப்பிரியா பையிலிருந்து தன் பேனாவை நீட்டினாள். அப்பாவுக்கு ஆபீஸில் கொடுத்த, கனமான எஃகுப் பேனா. வழுக்கி விழுந்ததாக எழுதினேன். அப்போதுதான் அவள் அப்படிக் கேட்டாள். அவசரத்தில் பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

ஐந்து வாரம் கழித்து அதே வீட்டுக்குப் போனோம். கனிமொழி மாடிப்படியின் கீழே கிடந்தார். வாயில் பற்கள் உடைந்து நாக்கின்மேல் கிடந்தன. பின்மண்டை மூன்று இடத்தில் பிளந்திருந்தது. படியின் விளிம்பு ஒரு முறை பிளக்கும். மூன்று முறை பிளக்காது. நான் தொட்டபோதே உடல் குளிர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் குழந்தையின் கண்களைப் பொத்திக்கொண்டு நின்றார்.

போலீஸ் விசாரித்தது. முன்பே ஒருமுறை வழுக்கி விழுந்தவர், தலைசுற்றல் இருந்திருக்கிறது என்று முடித்தார்கள். என் படிவத்தின் நகலைத்தான் ஜெகதீஷ் காட்டியிருக்கிறார்.

அப்போதே ஸ்டேஷனுக்கு வந்து, எழுதியது பொய் என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும். நோயாளிகளை அன்பாகப் பார்த்துக்கொள்கிற ஒருத்தி வண்டியில் குறைந்திருப்பாள். அதையும் யோசிக்க வேண்டும் இல்லையா.

இரண்டு மாதம் கழித்து, ஒரு பிற்பகல், வேலப்பன்சாவடி அருகே லாரி மோதி, பைக்கில் வந்த ஒருவர் விழுந்து கிடந்தார். ஜெகதீஷ். தொடை கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தது. ரத்தம் விட்டு விட்டுப் பீறிட்டது. ரத்தத்தை நிறுத்தும் பட்டை காலையில் வேறொரு நோயாளியோடு ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டிருந்தது. எங்கள் வேலையில் அடிக்கடி அப்படி ஆகும். அந்த மாதிரி நேரத்தில் துணியைத் தொடையில் இறுகக் கட்டி, முடிச்சில் ஒரு கோலைச் செருகி முறுக்குவோம். சட்டைப் பையில் அந்தப் பேனா இருந்தது. செருகி முறுக்கினேன். ரத்தம் நின்றது. அவர் பிழைத்திருப்பார். அதில் சந்தேகமே இல்லை.

வண்டி கிளம்பியதும் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

“மேடம், நீங்களா? அன்னைக்கு நீங்க எழுதினது பெரிய ஹெல்ப். தேங்க்ஸ் சொல்லணும்னே இருந்தேன்.” உதட்டை நனைத்துக்கொண்டு சொன்னார்: “பாப்பாவைக் கூட்டிட்டு வரத்தான் கிளம்பினேன். மச்சான் வீட்ல அவளுக்கு ரொம்பச் செல்லம். அவங்கம்மா மாதிரியே எதிர்த்துப் பேசறாளாம். சரி பண்ணிடலாம்.”

அவர் நெற்றியைத் துடைத்துவிட்டேன். பிறகு படிவத்தை எடுத்தேன். எழுதப் பேனா வேண்டியிருந்தது. அதை உருவினேன்.

“மேடம், கால்ல சூடா ஏதோ ஓடுது.”

“அப்படித்தான் இருக்கும் சார். கண்ணை மூடிக்கோங்க.”

அவர் மூடவில்லை. கட்டைப் பிடிக்கக் கையை நீட்டினார். அந்தக் கையை என் இரண்டு கைகளாலும் பிடித்து மார்போடு அழுத்திக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்திருந்தால் ஆறுதல் சொல்கிறேன் என்றுதான் மணவாளன் அண்ணன் நினைத்திருப்பார். என் மணிக்கட்டில் அவர் நகம் இறங்கியது. நான் விடவில்லை. கந்த சஷ்டி கவசம் முழுதாகச் சொல்ல நேரமில்லை, பாதி சொன்னேன். நான்கு நிமிடத்துக்குள் பிடி தளர்ந்தது. கனிமொழிக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வழியில் கட்டு தானாக நழுவியது என்று எழுதினேன்.

துணியில் முறுக்கிய சுருக்கம் இருக்கிறது, முறுக்கிய கோல் மட்டும் இல்லை என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். அது எங்கே என்றுதானே காலையிலிருந்து கேட்கிறீர்கள்.

மறுநாள் குமணன்சாவடிக்கு, கனிமொழியின் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கிருஷ்ணப்பிரியா வாசலில் கோலமாவைச் சிந்தி விளையாடிவிட்டுக் கை கழுவ உள்ளே போயிருந்தாள். புத்தகப் பை படியில் இருந்தது. தெருவில் யாரும் இல்லை. பையின் பக்கவாட்டு அறையில் பேனாவைச் செருகி ஜிப்பை மூடிவிட்டு வந்தேன். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது.

அதைப் போய் எடுத்துவர வேண்டாம் ஐயா. வெந்நீரில் இரண்டு முறை கழுவி, காயவைத்துத்தான் வைத்தேன். குழந்தை எழுதுகிற பேனா இல்லையா.