உறைந்த தேன்

மார்கழிக் காலையில் ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்கும் பஸ். என் முன்சீட்டில் ஒரு மலைக்காரப் பெண், மடியில் உறைந்துபோன தேன் பாட்டில். பக்கத்தில் வாணியம்பாடி வியாபாரி ஒருவர்.

“தேன் ஆயிரம் வருசமானாலும் கெடாதும்மா,” என்றார் அவர்.

“இன்னா பாய் சொல்றீங்க? பாருங்க, சர்க்கரையா நிக்குது.”

“குளிருக்கு நல்ல தேனும் உறையும். சுடுதண்ணில பாட்டில வெச்சா இளகிடும்.”

“நெசமாவா?”

“எங்க வூட்டுல வருசா வருசம் பாக்கறதுதானே.”

அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க வூட்டுக்காரரு சர்க்கரை கலந்துட்டாருன்னு மூணு நாளா அவருக்குச் சோறு போடல பாய். தேனீ கொட்டி மூஞ்சி வீங்கி வந்த மனுசன். அண்ணங்கிட்ட நாயம் கேக்கத்தான் இத்த எடுத்துனு போறேன்.”

அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நீங்க நல்லா இருக்கணும் பாய்.”

பிறகு எழுந்து நின்று சத்தம் போட்டாள்.

“கண்டக்டரே, வண்டிய நிறுத்துங்க! வூட்டுக்குப் போயி ஒலை வெக்கணும்.”